சாட்பாட்டைக் கேளும்

“இதைச் சாட்பாட்டைக் கேட்டனீரோ?”

“கேட்டேன்க்கா.”

“என்ன சொன்னது?”

“சி.வி.ல போட்டோ வைக்கிறது நம்ம இஷ்டம்னு சொல்லுச்சு.”

“பிறகேன் என்னட்டை வாறீர்?”

லக்ஷ்மிப்ரியா அசடு வழியச் சிரித்தாள். “நீங்க சொன்னா ஒரு திருப்திக்கா.”

சிவகௌரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பவேரியாவின் ஒரு சிறிய ஊரில் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே மாணவர்களுக்கு வேலை தேட வழிகாட்டுவதுதான் சிவகௌரியின் உத்தியோகம். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுகிற அக்கா இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அவளை விடுவதில்லை.

போன வருடம் கல்லூரி ஒரு சாட்பாட் கொண்டுவந்தது. விண்ணப்பம் எழுதித் தரும், திருத்தித் தரும், நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சியும் கொடுக்கும். கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே சிவகௌரிதான். இனியாவது சில்லறைக் கேள்விகள் குறையும், விண்ணப்பித்து விண்ணப்பித்து நொந்துபோய் வருகிறவர்களோடு ஆறுதலாகப் பேசலாம் என்று நினைத்திருந்தாள்.

ஜெர்மன் மாணவர்கள் மொத்தமாகச் சாட்பாட் பக்கம் போய்விட்டார்கள். இந்தக் கூட்டம் மட்டும் ஒழுங்காக டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்கு வரிசையாக வந்து நின்றது.

கடிதத்தில் தேதியை இடப்பக்கம் போடுவதா, வலப்பக்கமா என்று ஒருத்தி. கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்று ஒருவன். “வீடியோ இன்டர்வியூவுக்கு ஷூ போடணுமாக்கா?” என்று இன்னொருவன்.

எல்லோருக்கும் தலைவி இந்த லக்ஷ்மிப்ரியா. வாரம் தவறாமல் ஒரு கேள்வியோடு வந்துவிடுவாள்.

“இஞ்ச பாரும். அதுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தனான். நான் என்ன சொல்லுவனோ அதைத்தான் அதுவும் சொல்லும். விளங்குதோ?”

“விளங்குதுக்கா.” கொஞ்சம் யோசித்தாள். “அப்போ போட்டோ வைக்கணும்னா, கண்ணாடி போட்டுக்கிட்டு எடுக்கணுமா, கழட்டிட்டா?”

சிவகௌரி மேசையில் ஓங்கித் தட்டிவிட்டாள்.

“நாளைக்கு வேலைக்குப் போனா, அங்கயும் ஒவ்வொண்டுக்கும் ஆரையாவது கேட்டுக்கொண்டு நிப்பீரோ? படிச்ச பிள்ளைதானே நீர்? இனிமேல் இப்பிடியான கேள்வியோட இந்த அறைப் பக்கம் வராதையும்!”

லக்ஷ்மிப்ரியாவின் முகம் சுண்டிப்போனது. “சாரிக்கா” என்று எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

“நாளைக்கு உதய்க்கு டெர்மின் இருக்குக்கா. அதை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க.”

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டாள் சிவகௌரி.

மறுநாள் உதய் வந்தான். இதற்கு முன் அவளிடம் வராதவன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நெற்றி வேர்த்திருந்தது.

“சொல்லுங்கோ.”

“சி.வி.ல... பேரை மேல எழுதணுமாக்கா, கீழயா?”

சிவகௌரி கண்ணை மூடித் திறந்தாள். “உதய், பேரைக் கீழ எழுதின மனிசரை எங்கயாவது கண்டனீங்களோ?”

“இல்லக்கா. வேற நல்ல கேள்வியா யோசிக்கறதுக்குள்ள என் டைம் வந்துடுச்சு...” சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“யோசிக்கிறதோ? கேள்வியை யோசிச்சுக்கொண்டோ எல்லாரும் வாறனீங்கள்?”

உதய் கதவைப் பார்த்தான்.

“என்ன, என்னை வைச்சுப் பகிடி விடுறீங்களோ? சொல்லுங்கோ உதய்!”

“ஐயோ, அப்படியில்லக்கா!” பதறினான். “ப்ரியா அந்தச் சாட்பாட் டீம்லதானே பார்ட் டைம் பார்க்கறா. காலேஜ் மீட்டிங்ல பேசிக்கிட்டாங்களாம். செமஸ்டர் முடியறவரைக்கும் பார்ப்பாங்களாம். நேர்ல யாரும் வரலைன்னா இந்த ரூமை மூடிட்டு, பாட் மட்டும் போதும்னு விட்டுடுவாங்களாம். உங்ககிட்ட இன்னும் சொல்லலையாமே?”

இல்லை. ஒருவரும் சொல்லவில்லை.

“அன்னிக்கே ப்ரியா எங்களையெல்லாம் கூப்பிட்டு, ஆளாளுக்கு டெர்மின் போடச் சொல்லிட்டா. பாட் எழுதிக் குடுத்ததை அவ எத்தனையோ கம்பெனிக்கு அனுப்பினாளாம், ஒருத்தர்கூட பதில் போடலையாம். நீங்கதான் ஒரு மத்தியானம் முழுக்க உட்காரவச்சு, ‘இதில நீர் எங்க இருக்கிறீர்?’னு கேட்டு, முதல்லேர்ந்து எழுத வச்சீங்களாமே? அதுலதான் வேலை கிடைச்சுதுன்னு சொல்லிட்டே இருப்பா.”

“கிடைச்சுதோ? எப்ப?”

“பொங்கலுக்கு முன்னாடியேக்கா. வால்டோர்ஃப்ல ஒரு கம்பெனில.”

பொங்கல் முடிந்து எத்தனை வாரம். அத்தனை வாரமும் வந்தாளே. நேற்று சுண்டிப்போன அந்த முகம் சிவகௌரிக்கு முன்னால் வந்து நின்றது.

“அப்ப... உங்களுக்கு, உதய்?”

“எனக்கும் கிடைச்சாச்சுக்கா.”

“தேதி கேட்ட பிள்ளை? அந்த ஷூ கேட்ட பெடியன்?”

“அவங்களுக்கும்தான்.” உதய் தலையைச் சொறிந்தான். “எங்க செட்ல இன்னும் வேலை கன்ஃபர்ம் ஆகாதது நீங்க ஒருத்தர்தான்க்கா.”