முற்றம் தாண்டி வந்த விலை

காசிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரைக்குடி வீட்டில் முற்றத்துக்கு இந்தப் பக்க அறை அவனுக்கு ஆபீஸ். எதிர்ப்பக்க அறை மனைவி சௌபர்ணிகாவுக்கு. ஆளுக்கொரு சிப் கம்பெனி. புது கேம் கன்சோலுக்கு யாருடைய சிப் என்பதில் அந்த இரண்டு கம்பெனிக்கும்தான் நேரடிப் போட்டி; குறைந்த விலை சொல்பவருக்கே ஆர்டர்.

"சிப் ஒண்ணு நூத்திப்பத்து டாலர். அதுக்குக் கீழ இறங்க மாட்டோம்!" என்று திங்கட்கிழமை அவள் போனில் பேசியது முற்றம் முழுக்க எதிரொலித்தது. காசியின் கம்பெனி முடிவு செய்திருந்ததோ நூற்றிரண்டு.

அன்று மாலையே மேனேஜர் கூப்பிட்டார். "அவங்க விலை தெரிஞ்சா நாமளும் கொஞ்சம் ஏத்திக் கேக்கலாம். ஏதாச்சும் தெரியுமா காசி?"

வீட்டுக்காரியின் பேச்சை விற்றா சாப்பிடுவது?

"தெரியாது சார். நூத்திரெண்டே இருக்கட்டும்."

இன்று மதியம் முடிவு வந்தது. காசியின் கம்பெனி ஜெயித்துவிட்டது. ஒட்டுக் கேட்டுத்தான் ஜெயித்தான் என்று சௌபர்ணிகா நினைத்துவிட்டால்? முற்றத்தைத் தாண்டி ஓடினான்.

"சௌபா, அன்னைக்கு நீ சொன்ன விலை என் காதுல விழுந்துச்சு. ஆனா பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் சத்தியமா, நான் யார்கிட்டயும் சொல்லல. நம்பு!"

சௌபர்ணிகா நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சொல்லலையா?"

"சத்தியமா!"

"எங்க உண்மையான விலை நூத்தியஞ்சுங்க. நீங்க போய்ச் சொல்லுவீக, உங்க ஆளுக விலையை ஏத்துவாகன்னு உங்களை நம்பித்தானே அப்படிக் கத்துனேன்!"