விலகியவளிடம் சில கேள்விகள்

"நல்லா கேளுடி. ஏன் வீட்டை விட்டுப் போனேன்னு முகத்துக்கு நேரா கேளு. அவ என்ன சொல்றான்னு பார்ப்போம்," என்றாள் கோகிலவாணி.

"அம்மா, இது பஞ்சாயத்து இல்ல. எங்க கிளாஸ் அசைன்மென்ட்," என்றாள் மகள் நித்யஸ்ரீ.

நித்யா தாம்பரத்தில் எச்.ஆர். டிப்ளமா படிக்கிறாள். வேலையை விட்டுப் போகிறவர்களைக் கடைசியாக ஒரு தடவை உட்கார வைத்துப் பேச வேண்டுமாம். எக்ஸிட் இன்டர்வியூ என்று பெயராம். யாரிடமாவது அப்படிப் பேசிப் பழகிவிட்டு வரச் சொல்லியிருந்தார் சார்.

வேலையை விட்ட ஆள் ஒருத்தரும் சிக்கவில்லை. அண்ணி சின்மயியிடம் போனில் புலம்பியிருக்கிறாள்.

"நான் வீட்டையே விட்டவளாச்சே! என்னை எடுத்துக்கோயேன்," என்று சிரித்தாளாம் அவள்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. தை மாதம் இதே கூடத்தில் நின்று, "எனக்குத் தனியா இருக்கணும் அத்தை" என்று சொன்னவள்தானே? பிள்ளை ஹரிபிரசாத் ஒரு வார்த்தை பேசாமல், குனிந்த தலை நிமிராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனானே! பொத்தேரியில் வாடகை ஃப்ளாட். இங்கே பொழிச்சலூரில் சொந்த வீட்டு மாடி பூட்டிக் கிடக்கிறது.

'வந்தா, பிள்ளையைப் பிரிச்சா, கூட்டிக்கிட்டுப் போயிட்டா.' விளக்கு பூஜைக்கு வரும் அத்தனை பெண்களிடமும் சொல்லி ஆகிவிட்டது.

"நானும் கூட உட்கார்றேன்."

"ஐயோ, மேனேஜர் பக்கத்துலயே இருக்கக் கூடாது. அப்புறம் எப்படி உண்மை வரும்?"

"நான் என்னடி மேனேஜர்?"

"பின்ன யாரு?"

"சரி சரி. நான் கோயிலுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை."

சின்மயி வந்ததும் கோகிலவாணி, "வா" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அர்ச்சனைக் கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

தெருமுனை வரைக்கும்தான். கால் அதற்கு மேல் போகவில்லை. பின்பக்கமாக வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் பூஜை அறைக்குள் நுழைந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். எதிரே முருகன் படம்.

'மன்னிச்சுக்கோப்பா. ஒரு அஞ்சு நிமிஷம்,' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எங்கள் நிறுவனத்தில் உங்களுக்குப் பிடித்தது எது?" நித்யா கேள்வியை வாசிப்பது கேட்டது.

"நிறுவனமா! நல்லா இருக்குடி..." சின்மயி சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "ஆபீஸுக்குக் கிளம்பும்போது அத்தை நெத்தியில விபூதி வச்சு விடுவாங்க. அங்க அதுக்கு ஆள் இல்ல."

'நல்லா நடிக்கிறா,' என்று நினைத்துக்கொண்டாள் கோகிலவாணி.

"விலகக் காரணம்?"

"தனியா இருக்கணும்னு தோணுச்சு. அப்படியே எழுதிக்கோ."

"எழுதினா சார் கிழிச்சுப் போட்டுடுவார் அண்ணி. முதல்ல சொல்ற காரணம் பாதி நேரம் உண்மையா இருக்காது, திரும்பக் கேளுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கார். பேரெல்லாம் மாத்திடுவேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். சத்தியமா."

சின்மயியின் குரல் தாழ்ந்தது.

"உங்க அண்ணன்தான் போகணும்னார்."

"என்னது?"

"அவர் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் அத்தை பக்கத்துல உட்கார வச்சு என்னைப் பத்தி ஒரு பாட்டம் குறை சொல்வாங்க இல்ல? 'அதையும் கேட்டுட்டு உன் முகத்தையும் பார்க்க என்னால முடியல'ன்னார். நான் வேணாம்னுதான் சொன்னேன். இதெல்லாம் எந்த வீட்ல இல்லன்னு கேட்டேன். அவர் கேட்கல."

"அப்ப நீங்க எதுக்கு அண்ணி பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க?"

"பெத்த பிள்ளையே உங்களோட இருக்க முடியலன்னு சொன்னா அத்தை தாங்குவாங்களா? உடைஞ்சு போயிடுவாங்க. மருமக இழுத்துட்டுப் போயிட்டான்னா வெறும் கோவம்தான். என்னை நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியா தூங்கிடலாம் இல்ல?"

கோகிலவாணியால் முருகனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விளக்கு பூஜையில் யார் யாரிடம் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அத்தனையும் சாமி முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னது.

அதே இடத்தில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் அழுகைச் சத்தம் வெளியே வந்துவிடும் போலிருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு, செருப்பையும் மறந்து பின்பக்கமாகவே இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்ற நித்யா கூடையைப் பார்த்தாள். "என்னம்மா, தேங்காய் உடைக்காம அப்படியே இருக்கு?"

கோகிலவாணி கூடையை முந்தானையால் மூடினாள்.

சின்மயி மாமியாரின் சிவந்த கண்களைப் பார்த்தாள். பிறகு, துவைக்கிற கல்லடிச் சேறு ஒட்டிய வெறும் கால்களைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் வெளுத்தது.

"கோயில் நடை சாத்தியிருக்கு நித்யா. நான் வரும்போதே பார்த்தேன்," என்றாள் சட்டென்று.

"வெள்ளிக்கிழமை சாயந்திரத்துலயா?"

"சாத்தலடி," என்றாள் கோகிலவாணி, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு. "நான்தான் போகல."