காலடி நெடி

ஸ்டோர் வேலைக்கு வந்த நாலு பேரைப் பார்த்ததிலேயே பெயிண்ட் கம்பெனி மேனேஜருக்குச் சலித்துவிட்டது. ஒருத்தருக்கும் அசிட்டோன் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஐந்தாவதாக வந்த பெண்ணுக்கோ அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது.

“எத்தனை டிகிரியில கொதிக்கும்?”

“ஐம்பத்தாறு சார். ஆனா கொதிக்கவே வேண்டாம், மூடியைத் திறந்து வெச்சாலே ஆவியாயிடும். கையில பட்டா ஜில்லுன்னு இருக்கும்.”

“அந்த ஆவி எங்க போகும்?”

“கீழதான். காத்தைவிட ரெண்டு மடங்கு கனம். தரையோட ஊர்ந்து போய், எங்கயோ இருக்கிற பொறியில பத்திக்கிட்டு, டிரம் வரைக்கும் திரும்பி வரும்.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ எக்ஸாஸ்ட் ஃபேனை எங்க வைக்கணும்?”

“தரையோரமா சார்.”

“சபாஷ். எந்த காலேஜ்லம்மா படிச்ச?”

“எட்டாவதுதான் சார். போன வருஷம் உங்க மிக்ஸிங் ரூம் எரிஞ்சப்போ நீங்க எழுதின விசாரணை ரிப்போர்ட்டைப் படிச்சு மனப்பாடம் பண்ணேன். இதெல்லாம் தெரியாததாலதான் அந்த ஆள் செத்தான்னு முடிச்சிருந்தீங்க. அவர் என் வீட்டுக்காரர்.”

மேனேஜர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“ஃபேன் கூரையில ஓடுது, நெடி காலடியிலேயே நிக்குதுன்னு வீட்டுல தினமும் புலம்புவார். உங்ககிட்ட சொல்லலையா சார்?”

சொல்லியிருந்தார். மூன்று தடவை, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே.