சுனையா, குழாயா?

ஒரு விடுகதை. ஒரு வாளி பீரில் மிக அதிகமாக இருப்பது எது?

பார்லி என்பீர்கள். இல்லை. நுரை? அதுவும் இல்லை. தண்ணீர்தான். சரி, அந்த பீர் புளித்துப் போனால் பழி யார் தலையில் விழும்?

தோக்யு வீட்டில் அது மச்சான் சாங்பேயின் தலையில் விழுந்தது. தண்ணீர் சுமந்தவர் அவர்தானே.

சாங்பே, தோக்யுவின் மனைவி மிரானுக்கு அண்ணன். வேலை பார்த்த ஆலை மூடியதும் ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தார். செர்ரி பூத்தபோது வந்தவர். இப்போது அந்த மரமே இலையை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. தினமும் விடியற்காலையில் கேனை முதுகில் கட்டிக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மலைக்குப் போவார். அங்கே ஒரு மருந்துச் சுனை உண்டு. திரும்பி வந்ததும் கேனை இறக்கிவிட்டு, எல்லாருக்கும் தெரியும்படி வியர்வையைத் துடைப்பார்.

"நான் சும்மா சோறு திங்கலே மாப்பிள்ளை. உங்க பீருக்கு மலைத் தண்ணி கொண்டாந்திருக்கேன்."

தோக்யு வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்தது இந்தக் கோடையில்தான். ஒவ்வொரு தடவையும் புளிப்பு. கடைசியாகக் காய்ச்சியதை எதிர்வீட்டுக்காரர் மரியாதையாக வாங்கிப்போய்ப் பூந்தொட்டியில் ஊற்றினார். செடி பட்டுப்போயிற்று.

"வாளிதான் காரணம்," என்றாள் மிரான். "கிம்ச்சி ஊறுகாய் ஊறின வாளியில பீரை ஊற வச்சா வேற எப்படி இருக்கும்?"

"வாளியப் பத்திப் பேசாதே! வினிகர் ஊத்தித் தேய்ச்சுக் கழுவியாச்சு. கோளாறு உங்கண்ணன் தண்ணியில. சுனைத் தண்ணியில இரும்பு இருக்கு. இரும்பு இருந்தா பீர் உருப்படாது. வரப்போற அறுவடைத் திருநாளுக்குக் குழாய்த் தண்ணியிலதான் காய்ச்சப் போறேன்."

சாங்பேக்குச் சுருக்கென்றது. அவரிடம் மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் அதுதான்.

"என் தண்ணி குழாய்த் தண்ணிக்கு மட்டமா? மட்டம்னு யாராவது சொல்லட்டும், இன்னிக்கே பஸ் ஏறிடறேன்."

"பேச்சு மாறக் கூடாது மச்சான்," என்றான் தோக்யு, கொஞ்சம் அவசரமாகவே.

சத்தம் கேட்டு அந்த மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். லிஃப்ட் பழுதானால் வேலைக்கே லீவு போடுகிற கூட்டம்; மலைப்பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. இருந்தாலும் சுனையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள்.

கட்டடத்து மாதர் சங்கத் தலைவி தாக் அம்மாள் கையைத் தட்டினாள்.

"வாய மூடுங்கய்யா! உங்க நாக்கெல்லாம் சோஜு சாராயத்துல ஊறிச் செத்துப் போச்சு. தண்ணிய ருசி பார்க்கக் குழந்தை நாக்குதான் சரி. சோரியக் கூப்பிடுங்க."

சோரி, தோக்யுவின் மகள். ஏழு வயது. அவள் முன்னால் இரண்டு கோப்பைகள் வைக்கப்பட்டன. வெள்ளையில் மாமா கொண்டுவந்த சுனைத் தண்ணீர். நீலத்தில் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

"கண்ணைக் கட்ட வேண்டாமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"எதுக்கு? பச்சைப் பிள்ளை. யார் பக்கம் சாயறதுன்னெல்லாம் அதுக்குத் தெரியுமா?" என்றாள் தாக் அம்மாள்.

சாங்பே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து வாசலில் வைத்தார். ஒரு காலில் செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

சோரி வெள்ளைக் கோப்பையில் ஒரு வாய் குடித்தாள். நீலத்தில் ஒரு வாய். மறுபடியும் வெள்ளை. பிறகு அப்பாவின் காதைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"அப்பா, ரெண்டும் ஒரே தண்ணி."

"என்னது?"

"சுனைய மூடிட்டாங்கப்பா. குடிக்கக் கூடாதுன்னு சிவப்புத் தாள் ஒட்டியிருக்கு. மாமா வந்த மறு வாரமே ஒட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போவேன்ல? மாமா மலைக்குக் கீழ கார் நிறுத்தற இடத்துல, கக்கூசுக்குப் பக்கத்துக் குழாயிலதான் பிடிப்பாரு. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு விரல் கோத்து சத்தியம் பண்ணியிருக்கேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் சொல்லல."

தோக்யுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாட்டினார் மச்சான்! துள்ளி எழுந்தான்.

"எல்லாரும் கேளுங்க! இந்த மச்சான் இருக்காரே..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டான்.

அப்படியானால் கோடை முழுக்கக் காய்ச்சினது குழாய்த் தண்ணீரில். இரும்பும் இல்லை, சுனையும் இல்லை. தண்ணீர் மேல் தப்பில்லை என்றால், பிறகு எதன் மேல்?

சமையலறை வாசலில் மிரான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் அந்த வாளி.

"என்ன, மச்சானுக்கு என்ன?" என்றாள் தாக் அம்மாள்.

"மச்சான் இருக்காரே..." தோக்யு வாளியிலிருந்து கண்ணை எடுத்தான். "மலை ஏறி ஏறிப் பாவம், ரொம்ப இளைச்சுட்டார்."

"அடடா!" தாக் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மச்சான் மேல என்ன பாசம்! இந்தக் காலத்துல யாருக்கு வரும்?"

கூட்டம் ஆமாம் போட்டது. தோக்யு தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டான். சாங்பே தலையைத் தூக்கவே இல்லை. செருப்புப் போட்ட காலையும் போடாத காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நீ சொல்லு கண்ணு. எது நல்ல தண்ணி?" என்றாள் தாக் அம்மாள் சோரியிடம்.

சோரி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தான். அவள் வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

பிறகு மாமாவின் வெள்ளைக் கோப்பையைத் தொட்டாள்.