ஒன்றாம் எண் புட்டி

கருவியின் எண் இன்னும் நிலைகொள்ளவில்லை.

6.8. 7.3. 7.0.

கடைசிக் குளத்தின் கரையில் அவள் மண்டியிட்டிருந்தாள். கருவியின் முனை நீருக்குள் இருந்தது. 

ஏழு வரவேண்டும்.

ஏழு என்றால் நல்ல நீர். நான்கு என்றால் அமிலம் ஏறிய நீர். வேரைக் கருக்கும் நீர்.

நான்கு என்று எழுதிக் கொடுத்தவள் அவளேதான்.

சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் துருநிற நீர் சுண்ணாம்புத் தொட்டியைக் கடந்து, மூன்று குளங்களில் தெளிந்து, கோரைப் படுகையில் வடிந்து, இந்தக் குளத்தை அடைந்து, மதகு வழியே பாசன வாய்க்காலில் இறங்கும். வழியில் ஆறு இடங்களில் நீரை எடுத்துச் சோதித்து, முடிவுகளை வரைபடமாக்கித் தருவது அவளுடைய ஆறு வாரப் பயிற்சி. கடைசி இடத்தில் நான்கு என்றது வரைபடம். அன்று மாலையே மதகை அடைத்துவிட்டார்கள்.

இன்றோடு நான்கு நாள்.

மதகுக்குக் கீழே முதல் வயல் கொளஞ்சியுடையது. நெல் பால் பிடிக்கும் பருவம். இப்போது காய்ந்தால் கதிர் பதராகும். நான்கு நாளும் அந்த அம்மாள் விடிந்ததும் வந்து மதகின் மேல் அமர்ந்துகொள்கிறார் என்று மதகுக் காவலர் சொல்லியிருந்தார். இன்றும் அமர்ந்திருந்தார்.

"தண்ணிக்கி ஜொரம் எறங்கிச்சா பாப்பா?"

அவள் நிமிரவில்லை.

"ஜொரம் தண்ணிக்கி. பட்டினி எம் பயிருக்கா?"

7.1. 7.2.

காலையில் பேருந்தில்தான் அவள் கள நோட்டைப் புரட்டினாள். ஒன்றாம் எண்ணுக்கு நேராக அவளுடைய கையெழுத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: நத்தைகள் உள்ளன.

வரைபடத்தில் ஒன்றாம் எண் சுரங்கத்தின் வாய்.

அந்தத் துரு நீரில் நத்தை எப்படி வாழும்?

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்த பிறகு அவளுக்குப் புரிந்தது. ஓடும் நீரில் மாதிரி எடுப்பவர் கீழிருந்து மேலே செல்லவேண்டும். காலடியில் கலங்கும் சேறு அடுத்த புட்டியில் சேராதிருக்க அதுவே முறை. கல்லூரியில் கற்றபடியே அவள் செய்தாள். மதகருகே எடுத்த முதல் புட்டிக்கு ஒன்று. சுரங்க வாயில் எடுத்த கடைசிப் புட்டிக்கு ஆறு. இரு நாள் கழித்து, அறையில் அமர்ந்து படம் வரைந்தபோது, சுரங்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டாள். பார்க்க அழகாக இருந்தது. ஆறாம் புட்டியில் இருந்த சுரங்க நீரின் நான்கு, படத்தில் ஆறாம் இடமான மதகருகே போய் உட்கார்ந்துவிட்டது.

7.2.

எண் நின்றது.

முனையைக் கழுவி மீண்டும் அமிழ்த்தினாள்.

7.2.

மூன்றாம் முறையும் அதுவே.

அவள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.  நீர் நன்றாக இருந்தது. ஒரு நாளும் கெடவில்லை.

இன்றைய தேதியிட்டு 7.2 என்று மட்டும் எழுதலாம். நீர் சீராகிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். ஒருவரும் கேட்கமாட்டார்கள். பயிற்சி முடிய ஐந்து நாள் இருந்தது.

அவள் சுற்றுச்சூழல் பிரிவு அதிகாரியைக் கைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவேண்டும்," என்று தொடங்கியவள், அதற்குமேல் அழகாகப் பேச இயலாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.



"நத்தை இருக்குன்னு குறிச்சு வச்சீங்களே, அதையாவது செஞ்சீங்களே," என்றார் அதிகாரி. "எல்லாத்தையும் அப்படியே எழுத்துல குடுங்க. மதகத் தொறக்கச் சொல்றேன். இனிமே படத்துல வெறும் நம்பர் வேணாம்மா. தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு ஒரு அம்புக்குறி போடுங்க."

அவர் சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

காவலர் வந்து மதகின் சக்கரத்தைத் திருகினார். பலகை முனகி எழுந்தது. நீர் முதலில் தயங்கியது. பிறகு சருகுகளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஓடியது.

கொளஞ்சி எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினார். முகம் விரிந்திருந்தது.

"நல்லா இருப்ப பாப்பா. என்னா மருந்து போட்டு சரி பண்ண?"

தலையை அசைத்தால் போதும். அதோடு முடிந்துவிடும்.

"மருந்து எதுவும் போடலக்கா. தண்ணி கெடவே இல்ல. நான்தான் படத்துல தலைகீழா எழுதிட்டேன்."

கொளஞ்சி அவளைப் பார்த்தார்.

"அப்ப இந்த நாலு நாளு?"



நீர் வாய்க்கால் வளைவைத் தாண்டி, வயலின் தலைமடையைத் தொட்டது. வெடிப்புகளுக்குள் இறங்கும் ஓசை கேட்டது.  கொளஞ்சி வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, அவளிடம் நீட்டினார்.

"உள்ள ரெண்டு மட தூந்து கெடக்கு. போ. வெட்டி வுடு."

அவள் கருவியைக் கரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். மண்வெட்டி எண்ணியதைவிடக் கனமாக இருந்தது.

வயலின் மண் இன்னும் சுட்டது.

முதல் மடையை அவள் எட்டுவதற்குள், பின்னால் வந்த நீர் குதிகாலை நனைத்தது.