ஓடாத வண்டியின் விலை
வால்நட் மரத்தின் நிழல் ஜாவா மோட்டார் சைக்கிளின் சிவப்பு டேங்கின்மேல் அசைகிறது. செத்துப்போன அப்பாவின் வண்டி. அதன் மதிப்பில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தால்தான் அது லிபூஷேவிடம் தங்கும். அதனால் மதிப்பு போட வந்திருக்கும் ஹவ்ரானெக் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது. துணி சுற்றிய காந்தம் டேங்கில் ஓரிடத்தில் ஒட்டாமல் நழுவுகிறது. "இங்க நசுங்கின இடத்துல பட்டி வெச்சு பூசியிருக்கு," என்று குறித்துக்கொள்கிறார். "பட்டி கிடக்கட்டும் சார், இன்ஜினைப் பாருங்க," என்கிறான் தம்பி ரதிம், நகத்தைக் கடித்தபடி. இந்த வண்டியில் கியர் லீவர்தான் கிக்கரும்; ஹவ்ரானெக் அதை உள்ளே அழுத்தி, மேலே திருப்பி உதைக்கிறார். வெறும் இருமல். இன்னொரு உதை. இன்னொன்று. லிபூஷே ஏப்ரனுக்குள் விரல்களைப் பின்னிக்கொள்கிறாள். கிளம்பக் கூடாது, மாதாவே, கிளம்பவே கூடாது. "ஓடாத வண்டின்னா அறுபதாயிரம் கொரூனாதான்," என்று ஹவ்ரானெக் தாளில் எழுதுகிறார். "போன வாரம் ஓடுச்சே! அக்கா, நீ ஏதாவது பண்ணினியா?" "நான் தொடவே இல்லடா." அது உண்மைதான். ஹவ்ரானெக் பல்லைக் கடித்துக்கொண்டு, முழு உடம்பின் கனத்தையும் போட்டு மறுபடி உதைக்கிறார். லீவர் நறநறக்கிறது. "ஐயோ, மாட்டையா உதைக்கிறீங்க? நகருங்க!" லிபூஷேதான் கத்துகிறாள். கார்புரேட்டர் பொத்தானை, அப்பா செய்வதுபோலவே, விரல் பெட்ரோலில் நனையும்வரை அழுத்துகிறாள். ஒரே மிதி. முற்றம் அதிர்கிறது, கோழிகள் சிதறுகின்றன, நீலப் புகை மரத்தில் ஏறுகிறது. "பாத்தீங்களா! எங்க அப்பா வண்டி ஒரே மிதியில கிளம்பும்!" ரதிம் சிரிக்கிறான். ஹவ்ரானெக் அறுபதாயிரத்தின் குறுக்கே கோடு கிழிக்கிறார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, கையை எடுக்க மனமில்லாமல், அவள் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறாள்.