சால்வைக்குள் ஒரு பேரம்

"நாப்பதுங்கறது ரொம்ப அதிகமுங்க, டாக்டரம்மா" என்றார் சிவகுரு.

டாக்டர் ஜோவிதா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். இந்த அறையில் அழுதவர்கள் உண்டு, சாமி கும்பிட்டவர்கள் உண்டு. பேரம் பேசியவர் இவர்தான் முதல்.

சிவகுருவுக்கு வேறு மாதிரி பேச வராது. முப்பது வருடமாக நீலகிரியில் கேத்திப் பக்கம் கேரட்டை மண்ணுக்குள் இருக்கும்போதே விலை பேசி வாங்குகிறவர். தோட்டத்தில் அங்கங்கே பத்துப் பதினைந்து பிடுங்கிப் பார்ப்பார். வெளியே தெரியாதது எத்தனை மூட்டை, அதில் சொத்தை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாது.

அதனால் டாக்டர் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியது.

மனைவி சாந்தாமணியின் குடலில் இருந்த புற்றுக்கட்டியைப் போன மாதமே வெட்டி எடுத்தாயிற்று. கூடவே எடுத்துப் பார்த்த பதினைந்து நெறிக்கட்டிகளில் மூன்றில் நோய் இருந்தது. இவளைப் போன்ற நூறு பேரில் நாற்பது பேருக்கு ஐந்து வருடத்துக்குள் திரும்பி வரலாம். ஆறு மாதம் மருந்து ஏற்றினால் அந்த நாற்பது இருபத்தைந்தாகும்.

"பதினஞ்சுல மூணுன்னா நூத்துக்கு இருபதுதானுங்களே?"

"இது கேரட் இல்லைங்களே ஐயா" என்றார் டாக்டர், சிரிக்காமல். "வியாழக்கிழமை அம்மாகிட்டயும்..."

எதிராளியை முழுதாகப் பேச விட்டால் விலை ஏறும். சிவகுரு குறுக்கே புகுந்தார். "முப்பதுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

வெளியே நீள பெஞ்சில் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். "நீங்களே கேட்டுட்டு வாங்க" என்று அவரை உள்ளே அனுப்பியவள். மருந்து ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு வாரமாகப் பிடிவாதம். பக்கத்து லைன் வீட்டுச் சுப்பம்மா அதை ஏற்றிக்கொண்டு சோறு கண்டால் ஓடியதை இவள் பார்த்திருக்கிறாள்.

பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் தெரிந்தவர்கள், காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

சிவகுரு அவளருகே உட்கார்ந்து தன் சால்வையின் முனையை இருவர் கைமேலும் போட்டார்.

சாந்தாமணியின் அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்குள் கையைப் பிடித்து விரலால் விலை சொல்கிற வித்தை அவள் பிறந்த வீட்டிலேயே கற்றது. விரல் ஒன்றுக்குப் பத்து. பிடியை இறுக்கினால் பேச்சு முடிந்தது. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோதுகூடக் கடைக்காரன் எதிரிலேயே இப்படித்தான் இருவரும் பேசி முடித்தார்கள்.

அவர் அவள் உள்ளங்கையில் இரண்டு விரலை வைத்தார்.

இருபது. பொய் என்று சொல்ல முடியாது. அவர் கணக்குக்கு வந்ததுதானே.

அவள் அவர் பக்கம் சாய்ந்தாள். "ஏனுங்க, இவ்வளவுதானா? அப்புறம் எதுக்கு அந்த மருந்து? ஊட்டுக்குப் போலாம் வாங்க."

சிவகுருவுக்கு வியர்த்தது. வெளியே மூடுபனி இறங்கி, ஜன்னலில் மரம் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குளிரிலும் வியர்த்தது.

முப்பது வருடத்தில் எத்தனையோ தோட்டக்காரர்களிடம் குறைத்துக் கேட்டு ஜெயித்திருக்கிறார். குறைத்துக் கேட்டதால் சரக்கே கைவிட்டுப் போகும் என்று இன்றுதான் பார்க்கிறார்.

வாங்க வந்தவன் தன் விலையைத் தானே ஏற்றுவதா? ஏற்றினார். மூன்றாவது விரல் அவள் கையில் பட்டது.

அவள் பிடியை இறுக்கவில்லை.

காத்திருந்தாள். கை அப்படியே திறந்து கிடந்தது. சரியான விலை தெரிந்தவர்கள்தான் அப்படிக் கையை விட்டுவைப்பார்கள். இது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் நான்காவது விரல் மடங்கியே இருந்தது. அவரால் முடியவில்லை.

சால்வைக்குள் அவள் விரல்கள் நகர்ந்தன. மடங்கியிருந்த அந்த விரலைத் தேடிப் பிடித்து, மெதுவாக நிமிர்த்தி, மற்ற மூன்றோடும் சேர்த்து வைத்தாள்.

பிறகு இறுக்கினாள்.

சிவகுரு அவள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். டாக்டர் சொல்ல வந்த அந்த வியாழக்கிழமை. அன்றைக்குக் கேத்தியில் பேரம் இருக்கிறது என்று அவர் போய்விட்டார். தையலைக் காட்ட அவள்தான் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். அன்று ராத்திரி அவருக்கு ராகிக் களி கிண்டிப் போட்டு, தோட்டத்துக்காரன் எத்தனைக்கு இறங்கி வந்தான் என்று கேட்டுச் சிரித்தாள்.

"போயி, எந்தத் தேதில ஆரம்பிக்கறாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள் சாந்தாமணி, கையை விடாமலே. "ஆறு மாசம்னு சொல்லுவாங்க. அதையும் கொறைச்சுக் கேட்டுறாதீங்க."